அச்சங்குளத்துக்கு ஸ்டாக்ஹோம் வழியாக

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். மறுநாள் வந்த செய்தியை வைத்தே, யாரும் மனுப் போடாமல், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வழக்கை எடுத்துக்கொண்டது. மருந்து வெடித்துச் செத்தவர்களுக்கும் பசுமைக்கும் என்னங்க சம்பந்தம்?

பதில் அரசியலமைப்பின் 253ஆவது பிரிவில் கிடக்கிறது. அமெரிக்காவில் ஒப்பந்தம் செல்ல செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். இங்கே ஒன்றிய அரசே கையெழுத்துப் போட்டுவிடலாம்; நாடாளுமன்றத்தைக் கேட்கும் கட்டாயமில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து தானாகச் சட்டமாகாது. நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டும். அப்படி இயற்றும்போது மாநிலப் பட்டியலுக்குள்ளும் கைவைக்கலாம் என்கிறது 253. இதற்கு ஒப்பந்தம்கூடத் தேவையில்லை, சர்வதேச மாநாட்டின் முடிவு போதும். சுதந்திரம் வந்த சூட்டில் இவ்வளவு அகலமான வாசலை மையத்துக்குத் திறந்துவைத்தது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

அந்த வாசல் வழியே வந்தவைதான் 1986இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் 2010இன் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும். 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டின் பெயர் இரண்டின் முகப்பிலும் உண்டு. பின்னதில் 1992 ரியோவும் சேர்ந்திருக்கிறது. ஆபத்தான பொருளால் விபத்து நடந்தால், தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கலாம் என்கிறது 2010இன் சட்டம். அதைப் பிடித்துத்தான் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் 20 லட்சம் ரூபாய் என்று தீர்ப்பாயம் சொன்னது.

இன்னொரு தாளும் இருக்கிறது. பெரும் தொழில் விபத்துகளைத் தடுப்பதற்கென்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1993இல் கொண்டுவந்த 174ஆவது உடன்படிக்கை. 2008இல் இந்தியா அதை ஏற்றது. அதன் பெயரில் தனிச்சட்டம் வரவில்லை. ஏற்கெனவே இருந்த தொழிற்சாலைகள் சட்டமும் 1989 விதிகளும்தான். சட்டத்தில் இடைவெளி இருந்தால் நீதிமன்றம் உடன்படிக்கையைத் துணைக்கு அழைக்கும். 1997 விசாகா வழக்கில் அப்படித்தான் அழைத்தது. ஆனால் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் 174ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ‘அரசு ஒத்துக்கிட்டதுதானே, குடுங்க’ என்று கோர்ட்டில் நிற்க முடியாது.

தொழிலாளிக்கென்று எழுதிய தாள் அலமாரியில் இருக்க, காற்றையும் தண்ணீரையும் நினைத்துக் கூடிய மாநாடு அச்சங்குளத்துக்கு வந்து சேர்ந்தது. அதுவும் சும்மா வரவில்லை. தீர்ப்பாயம் தானாக வழக்கு எடுக்கலாமா என்பதே உச்ச நீதிமன்றம் வரை போனது. எடுக்கலாம் என்ற தீர்ப்பு 2021 அக்டோபர் 7 அன்று வந்தது, வெடித்து எட்டு மாதம் கழித்து.