மைசூர்ப் பிரதிநிதித்துவ சபையின் உறுப்பமைப்பும் பெங்களூர்த் தமிழரும் (1881–1901)

முன்னுரை

இந்தியச் சமஸ்தானங்களின் அரசியல் வரலாற்றில் மைசூர்ப் பிரதிநிதித்துவ சபைக்குத் தனியிடம் உண்டு. ஆட்சியாளர் தம் குடிகளின் பிரதிநிதிகளை ஆண்டுதோறும் கூட்டி, வரவு செலவையும் நிருவாகச் செய்திகளையும் அவர்கள்முன் வைக்கும் வழக்கத்தைச் சமஸ்தானங்களுள் முதலில் மேற்கொண்டது மைசூரே ஆகும். இச்சபையை மக்களாட்சியின் தொடக்கம் எனப் போற்றுவோரும் உளர். அதிகாரமற்ற தசரா தர்பார் எனக் கருதுவோரும் உளர். இவ்விரு மதிப்பீடுகளும் சபையின் அதிகாரத்தை மையமாகக் கொண்டவை. சபையில் அமரத் தகுதி பெற்றோர் யாவர், அத்தகுதி எதனால் வரையறுக்கப்பட்டது என்னும் வினா அந்த அளவிற்கு எழுப்பப்படவில்லை. அவ்வினாவைப் பெங்களூர்த் தமிழரை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சபையின் தோற்றம்

1831 முதல் ஐம்பது ஆண்டுகள் ஆங்கில ஆணையர்களின் ஆட்சியில் இருந்த மைசூர், 1881 மார்ச் 25 அன்று பத்தாம் சாமராச உடையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. நாடு அப்போது பெரும் பஞ்சத்திலிருந்து மீளாத நிலையில் இருந்தது. 1871-இல் 50,55,412 ஆக இருந்த மக்கள்தொகை, 1876–78 பஞ்சத்திற்குப் பின் 1881-இல் 41,86,188 ஆகக் குறைந்திருந்தது. கருவூலமும் நலிவுற்றிருந்தது. குடிகளின் நம்பிக்கையைப் பெறாமல் புதிய அரசு இயங்க இயலாது என்பதை முதல் திவான் சி. வி. இரங்காசார்லு உணர்ந்திருந்தார்.

செங்கற்பட்டு மாவட்டத்தில் 1831-இல் பிறந்த இரங்காசார்லு, சென்னை மாகாண அரசுப்பணியில் இருந்து 1868-இல் மைசூர் வந்தவர். அவர் முயற்சியால் 1881 ஆகஸ்டு 25 அன்று சபையை நிறுவும் ஆணை வெளிவந்தது. அரசின் செயல்களைக் குடிகளுக்கு விளக்குவதும் குடிகளின் கருத்தை அரசு அறிவதும் அதன் நோக்கங்கள். அவ்வாண்டு அக்டோபர் 7-ஆம் நாள், தசரா விழாவையொட்டி, மைசூரில் முதற்கூட்டம் நடைபெற்றது. சட்டம் இயற்றும் உரிமையோ வரவுசெலவின்மீது வாக்களிக்கும் உரிமையோ சபைக்கு இல்லை. திவானின் அறிக்கையைக் கேட்பதும், தம் பகுதியின் குறைகளை எடுத்துரைப்பதுமே உறுப்பினரின் பணிகள்.

1881-இன் உறுப்பமைப்பு

முதற்கூட்டத்தில் 144 உறுப்பினர்கள் இடம்பெற்றனர். ஒவ்வொரு தாலுகாவிலிருந்தும் செல்வாக்கும் பொது அறிவும் உடைய நிலவுடைமையாளர் இருவர், ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் முன்னணி வணிகர் மூவர் அல்லது நால்வர் என்பது வகுக்கப்பட்ட முறை. இவர்களைத் தெரிவு செய்தவை உள்ளூர் நிதி வாரியங்கள். எனவே இது தேர்தல் அன்று, நியமனமே.

இவ்வமைப்பில் இரண்டு கூறுகள் கருதத்தக்கன. ஒன்று, சபையின் அடிப்படை அலகு தாலுகா. தாலுகா என்பது நிலவரி தண்டுவதற்காக ஏற்பட்ட பிரிவு. ஆகவே பிரதிநிதித்துவம் வருவாய்த்துறையின் வரைபடத்தை அப்படியே பின்பற்றியது. மற்றொன்று, உறுப்பினராவதற்குரிய அடையாளங்கள் உழவுநிலமும் வாணிகமும் மட்டுமே. நிலமற்ற உழைப்பாளிக்கு அதில் இடமில்லை.

தேர்தல் முறையும் வரித்தகுதியும்

இரங்காசார்லு 1883 சனவரியில் மறைந்தார். அவரை அடுத்துத் திவானான கு. சேஷாத்ரி ஐயர் 1901 வரை அப்பதவியில் இருந்தார். அவர் காலத்தில்தான் நியமனம் தேர்தலாக மாறியது. 1890-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி 1891-இல் தேர்தல் நடைபெற்றது. தாலுகாவின் வளத்திற்கேற்ப ஆண்டுக்கு 100 முதல் 300 ரூபாய் வரை நிலவரி செலுத்துவோர் அல்லது 13 முதல் 17 ரூபாய் வரை மொகதர்பா எனப்படும் தொழில், வீட்டு வரி செலுத்துவோர் வாக்குரிமை பெற்றனர். இனாம் கிராம உரிமையாளர், பல்கலைக்கழகப் பட்டதாரிகள் ஆகியோரும் தகுதியுடையோர் ஆயினர். நகராட்சிகளுக்கும் பொதுநலச் சங்கங்களுக்கும் உறுப்பினரை அனுப்பும் வாய்ப்புக் கிட்டியது. உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ 350 ஆக உயர்ந்தது. பின்னர், ஓராண்டாக இருந்த உறுப்பினர் பதவிக்காலம் மூன்றாண்டாக நீட்டிக்கப்பட்டது.

இம்மாற்றத்தால் கல்வி என்னும் புதிய தகுதி நிலம், வாணிகம் ஆகியவற்றோடு சேர்ந்தது. நகரம் சார்ந்த படித்த வகுப்பினரின் குரல் சபையில் ஓங்க இது வழிவகுத்தது. ஆயினும் நூறு ரூபாய் நிலவரி என்பது அக்காலத்தில் பெருநிலக்கிழாருக்கே உரிய அளவு. சிறு உழவர் தேர்தலுக்குப் பின்னும் சபைக்குப் புறத்தேயே நின்றனர்.

இரு நகரங்களும் ஒரு சபையும்

பெங்களூர் அக்காலத்தில் இருவேறு ஆட்சிகளின்கீழ் இருந்த இரு நகரங்கள். பழைய பேட்டை மைசூர் அரசுக்கு உரியது. 1809-இல் தோன்றிய தண்டுப் பகுதியோ, 1881-இல் மைசூர் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோது சிவில் மற்றும் இராணுவ நிலையம் என்னும் பெயரில் ஆங்கிலேயரின் பொறுப்பிலேயே நிறுத்திக்கொள்ளப்பட்டது. அதனை இரெசிடென்ட் இந்திய அரசின் சார்பில் நிருவகித்தார். இரு பகுதிகளுக்கும் 1862 முதல் தனித்தனி நகராட்சிகள் இருந்தன.

1881 கணக்கெடுப்பில் பேட்டையின் மக்கள்தொகை 62,317; நிலையத்தின் மக்கள்தொகை 93,540. 1891-இல் இவை முறையே 80,285, 1,00,081 என உயர்ந்தன. பெருநகரம் நிலையமே என்பது இதனால் புலனாகும். அல்சூர் முதலிய இடங்களில் படையுடன் வந்து தங்கிய வணிகர், ஒப்பந்தக்காரர், கட்டடத் தொழிலாளர், பணியாளர் எனப் பலரும் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தோர். நிலையத்தின் மிகப்பெரிய மொழிக்குழு தமிழரே. 1873-இல் அங்குப் பள்ளி நிறுவிய ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் அச்சமூகத்தின் செல்வத்திற்கும் பொதுப்பணிக்கும் தக்க சான்று.

ஆனால் நிலையம் தாலுகாவாகவோ நகராட்சியாகவோ மைசூர்ச் சபையின் கணக்கில் வரவில்லை. சென்னைச் சட்டமன்றமும் அதற்கு உரியதன்று. 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 4 முதல் 8 வரை கூடுதல் உறுப்பினரைப் பெற்ற சென்னை மன்றம், 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 8 முதல் 20 வரை பெறலாயிற்று. மாநகராட்சி, பல்கலைக்கழகம், உள்ளாட்சி அமைப்புகள் பரிந்துரைப்போர் அதில் இடம்பெற்றனர். நிலையம் சென்னை மாகாணத்தின் பகுதியாக இல்லாமையால் அவ்வாய்ப்பும் அதற்குக் கிட்டவில்லை. இலட்சம் மக்கள் வாழ்ந்த ஒரு நகரம் தன் நகராட்சிக்கு மேற்பட்ட எந்த அவையிலும் குரலற்றிருந்தது.

வரி என்னும் மற்றோர் எல்லை

எல்லைக்கு உட்பட்டிருந்த தமிழரின் நிலை வேறு வகையானது. பேட்டையைச் சூழ்ந்து தோட்டப்பயிர் செய்த, தமிழின் கிளைவழக்கைப் பேசும் திகளர் மைசூர் அரசின் நேரடிக் குடிகள். அவர்களுள் சிறுநிலமுடையோரை நிலவரி அளவு தடுத்தது. 1880-களில் கோலார் தங்கவயல் வளர்ந்தபோது வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் குடியேறினர். அது மைசூர் மண்ணே. ஆயினும் கம்பெனி கட்டிய வரிசை வீடுகளில் வாழ்ந்த அவர்களுக்கு நிலவரியும் இல்லை, மொகதர்பாவும் இல்லை. தங்கத்திற்கான உரிமத்தொகை அரசின் வருவாயாகச் சபையில் எடுத்துரைக்கப்பட்டது. தங்கத்தை வெட்டியெடுத்தவர் அச்சபைக்கு வாக்களிக்கும் தகுதியைப் பெறவில்லை.

இதற்கு எதிர்நிலையான ஓர் உண்மையும் உண்டு. சபையை நிறுவிய இரங்காசார்லுவும், அதனைத் தேர்தல் அவையாக்கிய, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவரான சேஷாத்ரி ஐயரும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தோர். சபைக்குத் தலைமை தாங்கியது திவானே. எனவே முதல் இருபது ஆண்டுகளில் தலைமை இருக்கை தமிழ்நிலத்தார் வசமிருக்க, உழைக்கும் தமிழருக்கு உறுப்பினர் வரிசையில் இடமில்லாதிருந்தது. சென்னையிலிருந்து வந்த அதிகாரிகளின் மேலாதிக்கத்தை எதிர்த்து 'மைசூர் மைசூரியருக்கே' என்னும் குரல் எழுந்தபோது, அது சுட்டிய 'சென்னையார்' இவ்வுயர் அதிகாரிகளே. தண்டின் கூலியாளும் தங்கவயல் தொழிலாளியும் அவ்வழக்கில் எத்தரப்பினராகவும் எண்ணப்படவில்லை. ஆகவே இதனை மொழிவழிப் புறக்கணிப்பு எனக் கொள்வது பொருந்தாது. மொழி அன்று ஒரு தகுதியாகவும் இல்லை, தடையாகவும் இல்லை. நிலமற்ற கன்னட உழவுக்கூலியும் இதே விதியால் விலக்கப்பட்டவரே.

முடிவுரை

மைசூர்ச் சபை திருவிதாங்கூரின் 1904-ஆம் ஆண்டு ஸ்ரீமூலம் மக்கள் சபை போன்றவற்றுக்கு முன்னோடியாக அமைந்தது. 1907-இல் மைசூரில் சட்டமன்றம் தோன்றிய பின்னும் அது தொடர்ந்தது. 1923-இல் சட்டவழித் தகுதி பெற்று 1949 வரை நீடித்தது. தண்டுப் பகுதி 1947-இல்தான் மைசூருடன் இணைந்தது.

சபையின் உறுப்பமைப்பு நிலவரைபடம், வரி ஆகிய இரண்டால் உருவானது. தண்டுத் தமிழரை முதலாவதும், தங்கவயல் தமிழரை இரண்டாவதும் விலக்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரதிநிதித்துவ அவைகளை ஆராய்வோர் உறுப்பினர் பட்டியலோடு நின்றுவிடாமல், அப்பட்டியலுக்கு அடிப்படையான எல்லைக்கோட்டையும் வரிக்கணக்கையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். பெங்களூர்த் தமிழரின் அரசியல் வரலாறு அவைக்குறிப்புகளில் மிகுதியாகக் காணப்படாமைக்கு அவர்கள் அரசியல் ஈடுபாடற்றிருந்தனர் என்பது காரணமன்று. குறிப்பில் இடம்பெறும் தகுதியே அவர்களுக்கு வழங்கப்படவில்லை. அவ்வரலாற்றை நகராட்சி ஆவணங்கள், கோயில் மற்றும் பள்ளிப் பதிவுகள், சுரங்கத் தொழிலாளரின் நினைவுகள் ஆகியவற்றின்வழி மீட்டெழுதுவதே இனிச் செய்யத்தக்க பணியாகும்.