வாள் கொணர்ந்த தமிழும் வாய் காத்த தமிழும்

ஊர்களைக் காண்பது வேறு. ஊர்களின் வாயிலாக நம்மைக் காண்பது வேறு. சென்ற ஆண்டு அயல்நாட்டில் பணிபுரியும் எங்கள் மகனும் மருமகளும் மகிழுந்திலேயே ஐரோப்பியப் பழநகரங்கள் பலவற்றைச் சுற்றிவந்து, படங்கள் அனுப்பியிருந்தனர். அவற்றுள் ஒன்று பெல்ஜியம் நாட்டின் புரூஜ் நகரம். கடலோடு அதனை இணைத்த நீர்வழி மணலால் தூர்ந்தது. வணிகம் வேறிடம் பெயர்ந்தது. அதனாலேயே அதன் பழந்தோற்றம் பெரிதும் மாறாது நின்றது. படங்களைப் பார்த்த என் துணைவியார், "மணல் மூடிய ஊர் ஒன்று நம் வீட்டிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டரில் இருக்கிறதே! இத்தனை ஆண்டுகள் மைசூரில் இருந்தும் நாம் அதைப் பார்க்கவில்லையே!" என்றார்.

அதே கிழமையில் எங்கள் பேத்தி தொலைபேசியில் ஒரு வினா எழுப்பினாள்: "தாத்தா, நாம் மைசூர்க்காரர்களா, தமிழ்நாட்டுக்காரர்களா?" குழந்தையின் வினாதான், ஆயினும் எங்களுக்கு அது புதிதன்று. 1991-ஆம் ஆண்டின் இறுதியில் காவிரி நீர் குறித்துக் கலவரம் மூண்டபோது, அண்டைவீட்டுக் கன்னட அம்மையார் எங்களைத் தம் இல்லத்தில் வைத்துக் காத்தார். அந்த இரவிலும் இதே வினாவை எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம், விடை கிடைக்கவில்லை. பேத்திக்கேனும் விடை கூற வேண்டும் என்னும் எண்ணத்தோடு, இரண்டு நாள் பயணமாக வண்டியை எடுத்தோம்.

சோழர் வென்ற ஊர்

மைசூர் நிலத்தைத் தமிழர் அறிந்தது நேற்றன்று. அகநானூறு தலையாலங்கானப் போரில் பாண்டியனை எதிர்த்தோர் வரிசையில் எருமையூரன் ஒருவனைக் குறிப்பிடுகிறது. அவ்வெருமையூர் இம்மைசூர்ப் பகுதியே என அறிஞர் பலர் கருதுவர்.

காவிரியும் கபிலையும் கூடும் திருமகூடலு நரசிபுரத்தைக் கடந்து தலக்காட்டை அடைந்தோம். கங்க மன்னர்களின் தலைநகராய் விளங்கிய ஊர் இது. கி.பி. 1004 அளவில் முதலாம் இராசராசனின் படை இதனைக் கைப்பற்றியது. கங்கபாடி, முடிகொண்டசோழ மண்டலம் ஆயிற்று. தலக்காடு, இராசராசபுரம் ஆயிற்று. ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேல் சோழர் ஆட்சி இங்கு நிலவியது. 1116-இல் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனனின் தண்டநாயகன் கங்கராசன், சோழர் சார்பில் இங்கிருந்த அதியமானை வென்று ஊரை மீட்டான். மன்னன் 'தலக்காடுகொண்ட' என்னும் விருதுப்பெயர் பூண்டான். வெற்றியின் நினைவாகக் கீர்த்திநாராயணர் கோயிலை எழுப்பினான்.

இன்று அங்கே அரண்மனையும் இல்லை, மதிலும் இல்லை, மணல்மேடுகளே உள்ளன. அலமேலம்மாவின் சாபம் என்று மைசூர் மக்கள் கூறுவர். ஆற்றுப்படுகையின் மணலைக் காற்று வாரிக் குவித்தது என்று ஆய்வாளர் கூறுவர். எவ்வாறாயினும், மணலுக்கு இறங்கிச் சென்றே சில கோயில்களை வழிபட வேண்டியுள்ளது. பஞ்சலிங்க தரிசனத்துக்கு மக்கள் திரளும் நாள்கள் தவிர ஏனைய காலத்தில் ஊர் அமைதியாகவே கிடக்கிறது. அவ்விழா இறுதியாக 2013-இலும் 2020-இலும் நிகழ்ந்தது.

தலக்காட்டின் கற்களில் கன்னடத்தோடு தமிழும் உண்டு. சோழர் அகன்றபின், ஹொய்சளர் காலத்திலும் இங்குத் தமிழ்க் கல்வெட்டுகள் பொறிக்கப்பெற்றன. அரசு மாறியவுடன் மொழியை அழிக்க வேண்டும் என்று அந்நாளில் எவரும் எண்ணவில்லை போலும். அடித்தளக் கல்லொன்றின்முன் என் துணைவியார் அமர்ந்தார். புள்ளியில்லாப் பழைய எழுத்து. எனினும் ட, ப, ம என்பவற்றை விரலால் தடவித் தடவி இனங்கண்டார். பிறகு சற்றே குரல் தாழ, "ஆயிரம் ஆண்டு எழுத்தில் மூன்றையேனும் நான் படித்துவிட்டேன், நம் பேத்திக்கு இன்றைய எழுத்தில் ஒன்றும் தெரியாதே!" என்றார். குற்றம் குழந்தையுடையதன்று. எங்கள் மகனுக்குப் பேச்சுத் தமிழோடு போதும் என்று விட்டவர்கள் நாங்கள்தாம்.

கன்னடர் சென்ற வழி

மாலையில் சோமநாதபுரம். மூன்றாம் நரசிம்மனின் தண்டநாயகன் சோமநாதன் 1258-இல் கட்டிய கேசவர் கோயில் இது. 2023-இல் பேலூர், ஹளேபீடு கோயில்களோடு உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றது. நட்சத்திர வடிவ மேடையும், சிற்பிகள் தம் பெயரைப் பொறித்த படிமங்களும் கண்டு மகிழத்தக்கவை. ஆனால் எங்கள் வினாவுக்கு உதவியது அதன் காலத்து அரசியல் நிலை. இம்மன்னனின் தந்தை சோமேசுவரன், காவிரி வழியே கீழிறங்கி, திருவரங்கத்துக்கு அண்மையில் கண்ணனூரில் தலைநகர் அமைத்திருந்தான். நரசிம்மன் இங்கு ஆள, அவன் உடன்பிறந்தான் இராமநாதன் தமிழகத்தில் ஆண்டான். இராமநாதனின் கல்வெட்டுகள் தமிழிலேயே ஏராளமாக உள்ளன. ஆற்றின் மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் மாந்தர் நடந்துகொண்டே இருந்தனர் என்பதன்றோ இதன் பொருள்?

திருநாராயணபுரம்

மறுநாள் சீரங்கப்பட்டணத்து அரங்கனை வணங்கி மேல்கோட்டை ஏறினோம். தமிழ் வைணவர் இதனைத் திருநாராயணபுரம் என்பர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தை விட்டுவந்த இராமானுசர் இங்குப் பல்லாண்டு தங்கினார் என்பது மரபு. அவரோடும் அவருக்குப் பின்னும் வந்த குடும்பங்களும் நம்மைப் போலவே புலம்பெயர்ந்தோர்தாம்.

கோயிலில் அன்று திவ்வியப் பிரபந்தம் ஓதக் கேட்டோம். ஓதியவர்களுள் ஓர் இளைஞரின் கையில் நூல் இருந்தது. எட்டிப் பார்த்தேன், கன்னட எழுத்து! வாயில் தமிழ், ஏட்டில் கன்னடம். பின்னர் அவரோடு உரையாடினேன். வீட்டில் பேசுவது ஹெப்பார் தமிழ் என்றார். கன்னடச் சொற்கள் கலந்த, நமக்குச் சற்றே புதிதாய் ஒலிக்கும் தமிழ். தமிழ் எழுத்துத் தமக்குத் தெரியாது என்று வருத்தத்தோடு கூறினார்.

மலையடிவாரத்துக் கல்யாணிக் குளப்படியில் அமர்ந்து இருவரும் எண்ணிப் பார்த்தோம். வாளோடு தலக்காட்டுக்கு வந்த தமிழ் ஆட்சி நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளில் முடிந்தது. வாளின்றி இம்மலைக்கு வந்த தமிழோ ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. அதனைக் காத்தது அரசாணையன்று. நாள்தோறும் ஓதிய வாயும், அடுக்களையில் பேசிய தாயுமே. அவர்கள் கன்னடத்தை வெறுத்துத் தமிழைக் காக்கவில்லை. கன்னடத்தையும் தம்மதாக்கிக்கொண்டே காத்தனர். எனினும் எழுத்தை இழந்தமையால், தலக்காட்டுக் கல் அவர்களோடு பேசுவதில்லை. பேச்சு மட்டும் போதும் என்று விட்ட எங்களுக்கு அவ்விளைஞரின் வருத்தம் ஒரு பாடமாயிற்று.

இந்நகரோடு தொடர்புடைய செய்தி ஒன்றையும் இங்குக் கூற வேண்டும். 1886-இல் பெங்களூரில் தொடங்கி, உதகமண்டலத்தில் பல்லாண்டு இருந்து, 1966-இல் மைசூருக்கு வந்த இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பெருந்தொகையாக இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. படிகள் எங்கு இருப்பினும் நன்று. படிக்கத் தெரிந்தோர் வேண்டும். அவர்கள் நம் வீடுகளிலிருந்தே வர வேண்டும்.

வீடு திரும்பியதும் பேத்தியை அழைத்தோம். "நாம் மைசூர்க்காரர்களே, அம்மா, ஆயிரம் ஆண்டுகளாகத் தமிழ் பேசும் மைசூர்க்காரர்கள் இங்கு உண்டு" என்றேன். என் துணைவியார் தலக்காட்டுக் கல்லின் படத்தை அவளுக்கு அனுப்பினார். இப்போது ஞாயிறுதோறும் தொலைபேசியில் தமிழ் வகுப்பு நடக்கிறது. அகரத்தில் தொடங்கவில்லை, அக்கல்லில் பாட்டி கண்டெடுத்த ட, ப, ம என்னும் மூன்றிலிருந்தே தொடங்கினோம். சென்ற வாரம் அவள் தானே எழுதி அனுப்பிய முதற்சொல், 'படம்'.