நிகண்டிலிருந்து பொருண்மைத் தேடல் வரை: உள்ளடக்க ஆக்கமும் மக்கள் தொடர்பும் – செல்லிப்பட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இணையத் தேடுபொறிகள் எழுத்துக்கோவைகளை ஒப்பிடும் முறையிலிருந்து பொருளை அளந்தறியும் முறைக்கு மாறி வருகின்றன. இம்மாற்றம் உள்ளடக்க ஆக்கத்தையும் மக்கள் தொடர்புப் பணியையும் எவ்வாறு மாற்றுகிறது என்பதைத் தமிழ் அகராதி மரபின் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது. புதுச்சேரி ஊரகப் பகுதியைச் சேர்ந்த செல்லிப்பட்டு, அதனை ஒட்டிய சங்கராபரணி ஆறு, அங்குள்ள படுகை அணை ஆகியவற்றின் பெயர் வழக்குகள் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. பொருண்மைத் தேடலில் சொல்லைப் பெருக்குவோர்க்கு இருந்த ஆதாயம் குறைந்து, பெயர்களுக்கும் பொருள்களுக்கும் இடையிலான உறவை எழுதிவைப்போர்க்கு ஆதாயம் கூடுகிறது. எழுதிவைக்கப்படாத சிற்றூரின் பொருளைப் பிறர் எழுத்தே தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: பொருண்மைத் தேடல், நிகண்டு, உள்ளடக்க ஆக்கம், மக்கள் தொடர்பு, ஊர்ப்பெயர், செல்லிப்பட்டு, சங்கராபரணி.

முன்னுரை

ஒரு சொல்லைக் கொண்டு பொருளைத் தேடுவதும், ஒரு பொருளைக் கொண்டு சொல்லைத் தேடுவதும் வேறுவேறு செயல்கள். முன்னதற்கு எழுத்து வரிசை போதும். பின்னதற்குப் பொருள்களுக்கு இடையிலான உறவை முன்பே வகுத்திருக்க வேண்டும். கடந்த பத்தாண்டுக்கு மேலாக இணையத் தேடலில் நிகழ்ந்துவரும் மாற்றத்தை இவ்வேறுபாட்டைக் கொண்டு விளங்கிக்கொள்ள இயலும். வணிக நிறுவனங்கள் இதனைச் சந்தை உத்தி சார்ந்த செய்தியாகவே காண்கின்றன. ஆனால் சிற்றூர் வரலாறு எழுதுவோர்க்கும், கல்வெட்டு, ஊர்ப்பெயர் ஆய்வாளர்க்கும் இஃது ஓர் ஆவணச் சிக்கல். ஓர் ஊரைப் பற்றிய எழுத்து நாளைய வாசகரின் கைக்குக் கிடைக்குமா என்பது அவ்வெழுத்தின் தரத்தை மட்டும் சார்ந்ததன்று. தேடும் பொறி அதனை எப்பொருளோடு சேர்த்து வைக்கிறது என்பதையும் சார்ந்தது.

பொருள் வரிசையும் எழுத்து வரிசையும்

தமிழில் சொற்களைத் தொகுக்கும் பணி பொருள் வரிசையிலேயே தொடங்கியது. திவாகர நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளைக் கொண்டது. முதல் பத்துத் தொகுதிகள் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள் வகையால் பெயர்களைத் தொகுக்கின்றன. பதினோராம் தொகுதி ஒருசொல்லுக்குரிய பல பொருள்களையும், பன்னிரண்டாம் தொகுதி பல பொருள்களின் தொகைப் பெயர்களையும் கூறுகின்றன. ஒரு பொருளுக்குப் பல பெயர், ஒரு பெயருக்குப் பல பொருள் என்னும் இரு சிக்கல்களையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் இவ்வமைப்பு, இன்றைய தேடல் பொறியியல் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கல்களையே சுட்டுகிறது.

எழுத்து வரிசை பின்னர் வந்தது. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை அகர வரிசையில் அமைத்தது. ஆகவே எழுத்து வரிசை ஐரோப்பியர் வழியாக மட்டுமே தமிழுக்கு வந்தது எனக் கொள்வது பொருந்தாது. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாய் அமைந்தது. சொல்லிலிருந்து பொருளுக்கும், பொருளிலிருந்து சொல்லுக்கும் செல்லும் இரு வழிகளையும் ஒரே நூல் திறந்து வைத்தது. அச்சுப் பண்பாடு வலுப்பெற்றபின் எழுத்து வரிசையே மேலோங்கியது. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகன் அம்மரபின் பெருஞ்சாதனை. நூலகப் பட்டியலும் நூலின் பின்னிணைப்புச் சொல்லடைவும் அவ்வழியே சென்றன. கணினித் தேடல் தொடக்கத்தில் பெற்ற மரபும் அதுவே.

சொல்வழித் தேடலும் சொற்பெருக்கமும்

தொடக்ககாலத் தேடுபொறி, பயனர் இட்ட எழுத்துக்கோவை எந்தெந்தப் பக்கங்களில் உள்ளது என்பதையே முதலில் பார்த்தது. ஒரு சொல் அரிதாக வழங்குமாயின் அதற்குக் கூடுதல் மதிப்பளிக்க வேண்டும் என்னும் கருத்தைக் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் முன்வைத்தார். 1998இல் தோன்றிய கூகுள், பக்கங்களுக்கு இடையிலான இணைப்புகளையும் மதிப்பீட்டில் சேர்த்தது. இவ்விரண்டும் உள்ளடக்கம் எழுதுவோரின் பழக்கத்தை வடிவமைத்தன. தலைப்பிலும் பத்தியிலும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப இடுவதும், செய்திக்குறிப்புகளில் இணைப்புகளை நிரப்பிப் பல தளங்களுக்கு அனுப்புவதும் தொழில்நுட்பமாகவே கருதப்பட்டன.

தமிழுக்கு இக்கட்டத்தில் கூடுதல் இடர்கள் இருந்தன. 1991இல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றபோதும், அது பரவும்வரை தமிழ்த் தளங்கள் பல்வேறு எழுத்துரு முறைகளைக் கையாண்டன. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் தேடினால் கிட்டாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளும் இச்சூழலிலேயே பணியாற்ற நேர்ந்தது. மேலும் தமிழ் ஒட்டுநிலை மொழி. செல்லிப்பட்டில், செல்லிப்பட்டின், செல்லிப்பட்டிலிருந்து என்பன வாசகருக்கு ஓர் ஊர். எழுத்தை மட்டும் ஒப்பிடும் பொறிக்கு மூன்று வேறு கோவைகள். ஊர்ப்பெயர் ஈறாகிய ‘பட்டு’, ‘பற்று’ என்பதன் மருவிய வடிவமாகக் கொள்ளப்படுவது. அதே எழுத்துகள் நெசவுப் பொருளையும் குறிப்பதால், எழுத்தளவில் நின்ற தேடலுக்கு ஊரையும் துணியையும் பிரித்தறியும் வழி இல்லை.

பொருண்மைத் தேடலின் வருகை

2012இல் கூகுள் அறிமுகப்படுத்திய அறிவு வரைபடம், சொற்களைப் பொருள்களாகவும் அவற்றுக்கிடையே உள்ள உறவுகளாகவும் பதிவு செய்தது. 2013இல் அறிவிக்கப்பட்ட ஹம்மிங்பேர்டு, வினாவைத் தனிச்சொற்களாகப் பிரிக்காமல் முழுமையாகக் கருதும் முறைக்கு வழிவகுத்தது. 2018இல் வெளியான பெர்ட் என்னும் மொழி மாதிரி 2019 இறுதியில் எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளின் தேடலில் பயன்பாட்டுக்கு வந்தது. இத்தகைய மாதிரிகள் சொல்லையும் தொடரையும் எண்களின் வரிசையாக, அதாவது திசையன்களாக மாற்றுகின்றன. ஒத்த சூழலில் வழங்கும் தொடர்கள் அருகருகே அமைகின்றன. தேடல் என்பது இருவேறு தொடர்களுக்கு இடையிலான தொலைவை அளப்பதாகிறது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பிரெஞ்சிந்தியப் பகுதிகளை இந்தியாவோடு இணைப்பது குறித்து 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். கீழூர் என்னும் பெயரை அறியாத ஒருவர் ‘பிரெஞ்சுக்காரர் வெளியேறப் புதுச்சேரியில் எங்கே வாக்களித்தார்கள்’ என வினவினால், சொல்வழித் தேடல் தடுமாறும். பொருண்மைத் தேடல் நிகழ்வின் வழியாக ஊரைச் சென்றடையக்கூடும். நிகண்டு செய்த பணி, அதாவது பொருளிலிருந்து பெயருக்குச் செல்லும் பணி, இங்கு மீண்டும் உயிர்பெறுகிறது.

ஆயினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. நிகண்டில் ஒரு பெயரை எந்தத் தொகுதியில் வைப்பது என்பதைத் தொகுத்த புலவர் முடிவு செய்தார். அம்முடிவைக் கற்றோர் படித்து மறுக்க முடிந்தது. திசையன் வெளியில் ஒரு பெயரின் இடம், அதனைச் சூழ்ந்து எழுதப்பட்டவற்றின் அளவால் அமைகிறது. மிகுதியாக எழுதப்பட்ட பெயர் உறுதியான இடம் பெறும். சிறிதளவே எழுதப்பட்ட பெயர், எழுத்தொப்புமை உடையதன் பக்கமோ, அருகிலுள்ள பெரும்பொருளின் பக்கமோ இழுக்கப்படும்.

ஓர் ஆறு, ஓர் அணை, பல பெயர்கள்

செல்லிப்பட்டு இச்சிக்கலுக்குத் தக்க சான்று. அவ்வூரை ஒட்டி ஓடும் ஆறு இன்று சங்கராபரணி எனப்படுகிறது. செஞ்சிப் பகுதியோடு தொடர்புடையதால் செஞ்சியாறு என்றும், வராக நதி என்றும் அதனை அழைப்பர். திருக்காஞ்சியில் இவ்வாற்றின் கரையில் கோயில்கொண்ட இறைவனின் பெயர் கங்கைவராக நதீசுவரர். வழக்கில் அருகிய ஆற்றுப்பெயரை இறைவன் பெயர் காத்து வைத்துள்ளது.

இவ்வாற்றின் குறுக்கே செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் இடையே பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் படுகை அணை ஒன்று கட்டப்பட்டது. ஆற்றில் நீரைத் தேக்கி, சுற்றுப்புற நிலத்தடி நீரைப் பெருக்குவது அதன் பயன். 2021ஆம் ஆண்டின் மழைவெள்ளத்தில் அது உடைந்தது. இவ்வணையைச் செல்லிப்பட்டு அணை என்றும், பிள்ளையார்குப்பம் அணை என்றும், இரு பெயரையும் இணைத்தும் எழுதுகின்றனர். படுகை அணை, தடுப்பணை என வகைப்பெயரும் மாறுகிறது. ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் செல்லிப்பெட், செல்லிப்பட்டு எனப் பலவாறு அமைகிறது.

பக்கத்து ஊர்களிலும் இதே நிலை. வில்லியனூர் பிரெஞ்சு ஆவணங்களில் வில்லெனூர் என்றாகும். உழவர்கரை ஊல்கரே என்றாகும். பாகூர், நிருபதுங்கவர்ம பல்லவனின் எட்டாம் ஆட்சியாண்டுச் செப்பேட்டில் வாகூர் என வழங்குகிறது. அங்கிருந்த வித்தியாத்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதை அச்செப்பேடு பதிவு செய்கிறது. ஆட்சிப் பகுதியின் பெயரே 2006இல்தான் பாண்டிச்சேரி என்பதிலிருந்து புதுச்சேரி என்று சட்டப்படி மாறியது. வாகூரும் பாகூரும் ஒன்று என்பதை எங்கேனும் ஒரு தொடர் வெளிப்படையாகக் கூறினால் ஒழிய, எந்தப் பொறியும் அதனைத் தானாக உறுதிசெய்ய இயலாது. புதுச்சேரி என்னும் பெரும்பெயரைச் சூழ்ந்து குவிந்துள்ள சுற்றுலா எழுத்துகளுக்கு நடுவே, உடைந்த ஓர் அணையும் அதனை நம்பிய உழவும் பொருளற்றுப் போகும் வாய்ப்பு மிகுதி.

மக்கள் தொடர்பில் நேர்ந்த மாற்றம்

இக்கால மக்கள் தொடர்பின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாக, 1906இல் அமெரிக்காவில் நேர்ந்த தொடர்வண்டி விபத்து ஒன்றை ஒட்டி ஐவி லீ வெளியிட்ட செய்திக்குறிப்பு சுட்டப்படுகிறது. சரிபார்க்கத்தக்க செய்தியை இதழாளரிடம் நேரடியாக அளிப்பதே அதன் புதுமை. ஒரு நூற்றாண்டுக்குப் பின், சொல்வழித் தேடல் அச்செய்திக்குறிப்பை இணைப்புகளைச் சுமக்கும் வண்டியாக்கியது. 2013இல் கூகுள், செய்திக்குறிப்புகளில் திட்டமிட்டு இடப்படும் அத்தகைய இணைப்புகளை விதிமீறலாக வரையறுத்தது. 2024இல் தேடல் முடிவின் மேற்பகுதியிலேயே இயந்திரம் தொகுத்த விடை இடம்பெறத் தொடங்கியது. வாசகர் பக்கத்துக்கு வராமலேயே விடை பெறுகிறார். எனவே பக்கத்தைவிடப் பத்தியும் தொடருமே மதிப்பீட்டு அலகாகின்றன.

அணை உடைந்ததைப் பற்றிய ஓர் அறிக்கையை இந்நோக்கில் கருதலாம். முன்னைய முறையில் ‘செல்லிப்பட்டு அணை’ என்னும் தொடரைப் பன்முறை இட்டால் போதும். இன்றோ எந்த ஆறு, அதன் பிற பெயர்கள் எவை, இரு கரையூர்கள் எவை, எக்காலத்தில் கட்டப்பட்டது, எப்போது உடைந்தது, எவ்வகைப் பாசனம் அதனைச் சார்ந்தது என்பன தனித்தனியே நிற்கக்கூடிய தெளிந்த தொடர்களாக வேண்டும். விளம்பரத் தொழிலாளர் இதனை உள்ளடக்க மேம்பாடு என்பர். கல்வெட்டாய்வாளரும் ஊர் வரலாற்றாளரும் நெடுங்காலமாகச் செய்துவருவதும் இதுவே.

இம்மாற்றம் மோசடியை ஒழித்துவிட்டதாகக் கருத இயலாது. சொற்பெருக்கத்தின் இடத்தைக் கூற்றுப்பெருக்கம் பிடிக்கிறது. ஒரே கூற்றைச் சிறுசிறு மாற்றங்களுடன் பல தளங்களில் எழுதிவைத்தால் அதுவே பொருளாக நிலைபெறக்கூடும். பெருந்திரளாக ஆக்கப்படும் உள்ளடக்கத்துக்கு எதிராக 2024 மார்ச்சில் கூகுள் விதி வகுத்தமை இவ்விடரை உணர்த்துகிறது. ஊர்ப்பெயர் விளக்கங்களில் இதன் தீங்கு கூடுதல். தலபுராணங்கள் ஊர்ப்பெயர்க்குக் கூறிய கதைகளைப் புராணம் என்றறிந்து கற்றோம்; இயந்திரம் தொகுத்த விடையிலோ கதையும் சான்றும் ஒரே குரலில் ஒலிக்கின்றன.

ஆய்வெழுத்துக்கு உரிய கடமைகள்

மேற்கண்டவற்றிலிருந்து ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க சில நடைமுறைகள் புலனாகின்றன. முதலாவது, ஓர் ஊரையோ ஆற்றையோ முதன்முறை குறிப்பிடும்போது அதன் வழக்குப் பெயர், கல்வெட்டுப் பெயர், பிரெஞ்சு ஆவணப் பெயர் ஆகியவற்றை ஒரே தொடரில் இணைத்துக் காலத்தோடு கூறுதல். இரண்டாவது, ‘அவ்வூர்’, ‘அவ்வணை’ எனச் சுட்டுப்பெயரால் மட்டும் நகராமல், பத்திதோறும் பெயரை ஒருமுறையேனும் நிறுவுதல். மூன்றாவது, மரபுவழிக் கதையையும் சான்றுவழி முடிபையும் வெவ்வேறு தொடர்களில், எது எது என்று சுட்டி எழுதுதல். நான்காவது, படமாக மட்டும் கிடக்கும் நூல்களையும் ஆவணங்களையும் ஒருங்குறிப் பனுவலாக்குதல். புதுச்சேரிக் கல்வெட்டுகளை பாகூர் குப்புசாமி தொகுக்க, கோ. விஜயவேணுகோபால் பதிப்பித்த பணி போன்றவை இவ்வாறு தேடத்தக்கனவானால், சிற்றூர்களின் பெயர்கள் உறுதியான இடம் பெறும்.

முடிவுரை

நிகண்டு பொருளால் தொகுத்தது. அகராதி எழுத்தால் அடுக்கியது. பொருண்மைத் தேடல் மீண்டும் பொருளை நாடுகிறது. ஆனால் இம்முறை தொகுப்பவர் புலவர் அல்லர். எழுதப்பட்டவற்றின் பெருந்தொகையே தொகுக்கிறது. ஆய்விதழ்கள் கேட்கும் ஐந்தாறு திறவுச்சொற்கள் சொல்வழித் தேடலின் காலத்துக்கு உரியவை. இனி கட்டுரையின் ஒவ்வொரு தொடரும் திறவுகோலாகக்கூடும். செல்லிப்பட்டின் அணையைப் பற்றி அவ்வட்டாரத்தை அறிந்தோர் எழுதாவிடில், அறியாதோர் எழுதியவற்றிலிருந்தே அதன் பொருள் வருவிக்கப்படும். உள்ளடக்கத்தைச் செம்மையாக்குதல் என்பது அவ்வகையில் வணிக உத்தியாக மட்டும் நில்லாது, ஊர் வரலாற்றைக் காக்கும் ஆவணப் பணியாகவும் ஆகிறது.