நுரையீரல் புற்றுநோய்: கொல்ல வேண்டிய செல்கள் கட்டிக்கு வெளியே நிற்பது ஏன்?

நம் ரத்தத்தில் சுற்றிவரும் லிம்போசைட் வெள்ளை அணுக்களில் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை ஒரு தனி ரகம். பெயரே மிரட்டலாக இருக்கும்: நேச்சுரல் கில்லர் செல்கள். தமிழில் இயற்கைக் கொல்லி செல்கள், சுருக்கமாக என்.கே. செல்கள். வைரஸ் புகுந்த செல்லையும், புற்றுநோயாக மாறிய செல்லையும் தேடிப்பிடித்துக் கொல்வதுதான் இவற்றின் வேலை.

நுரையீரலில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் உலகில் அதிக உயிர்களைப் பறிக்கும் புற்றுநோய் நுரையீரல் புற்றுநோய்தான். 2022-ல் மட்டும் சுமார் 24.8 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டது. சுமார் 18 லட்சம் பேர் உயிரிழந்தனர். காவலாளி வீட்டிலேயே இருக்கும்போது திருடன் எப்படி உள்ளே குடும்பமே நடத்துகிறான்?

அடையாள அட்டை சோதனை

1975-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா கிளெய்ன், ஹான்ஸ் விக்செல் ஆகியோர் எலிகளிடம் இந்த செல்களைக் கண்டறிந்தார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில் அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மேன் குழுவும் இதையே கவனித்தது. முன்பு பார்த்தே இராத புற்று செல்லைக்கூட இவை கொன்றன. தடுப்பூசி மாதிரி முன்பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. 'இயற்கை' என்ற அடைமொழி வந்தது அதனால்தான்.

எதிரி யார் என்று எப்படித் தெரியும்? இதற்கு 1980-களில் விடை சொன்னவர் அதே நிறுவனத்தின் கிளாஸ் கேர். உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் வெளிப்பரப்பில் எம்.எச்.சி. என்ற புரதத்தை மாட்டியிருக்கும். அடையாள அட்டை மாதிரி. டி செல்கள் அந்த அட்டையில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்துத் தாக்கும். அவற்றிடமிருந்து தப்பிக்க, புற்று செல்கள் சில நேரம் அட்டையையே கழற்றி வீசிவிடும். அங்கேதான் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் அட்டை இல்லாதவனைப் பிடிப்பதுதான் என்.கே. செல்லின் பாணி. பிடித்ததும் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளை போட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்தும். செல் தானாகவே செத்துப்போகும்.

கட்டிக்குள் என்ன நடக்கிறது?

அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட நுரையீரல் கட்டிகளை ஆய்வு செய்தபோது கிடைத்த காட்சி வேறு மாதிரி இருந்தது. பக்கத்திலுள்ள நல்ல திசுவைவிட கட்டியில் என்.கே. செல்கள் குறைவு. இருந்தவையும் புற்று செல்களை நெருங்காமல், கட்டியைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவிலேயே நின்றன. எதிரியைத் தொட்டால்தான் கொல்ல முடியும் என்பதால், இந்த இடைவெளியே பெரிய தோல்வி.

நிற்பவையும் பழைய ஆட்கள் அல்ல. எதிரியை உணரும் ஏற்பிகள் பல குறைந்துபோயிருக்கின்றன. இதற்கு ஒரு முக்கியக் காரணம், கட்டியின் சூழலில் சுரக்கும் டி.ஜி.எஃப். பீட்டா என்ற வேதிச் செய்தி. இன்னும் மோசமான விஷயம், கட்டிக்குள் இருக்கும் சில என்.கே. செல்கள் புது ரத்தக் குழாய் வளர உதவும் வி.இ.ஜி.எஃப். புரதத்தைச் சுரக்கின்றன. அதாவது கட்டிக்கு சாப்பாடு போகும் பாதையைப் போட்டுக் கொடுக்கின்றன!

2018-ல் வெளியான சீன ஆய்வு ஒன்று இதில் இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. எலிகளில் புற்றுநோய் தொடங்கும் கட்டத்தில் என்.கே. செல்கள் நன்றாகவே போராடின. நோய் வளர வளரச் சோர்ந்தன. எஃப்.பி.பி.1 என்ற நொதி கூடி, அவை சர்க்கரையை எரித்து ஆற்றல் எடுப்பதைத் தடுத்ததே காரணம். அந்த நொதியை மருந்தால் முடக்கியபோது, இடைக்கட்டத்தில் இருந்த செல்கள் மீண்டும் சுறுசுறுப்பாகின. முற்றிய கட்டத்தில் மீளவில்லை. எலிகளில் கண்டதுதான் என்றாலும், சிகிச்சையின் நேரம் எவ்வளவு முக்கியம் என்பதை இது காட்டுகிறது.

புகைப்பிடித்தல் இந்த செல்களின் கொல்லும் திறனைக் குறைக்கிறது என்பது தனிக்கதை. புற்றுநோயை உண்டாக்கும் அதே புகை, காவலாளியையும் மயக்கிவிடுகிறது.

சிகிச்சை வந்துவிட்டதா?

முழுசாக இல்லை. என்.கே. செல்லின் 'பிரேக்' ஒன்றை எடுத்துவிடும் மோனலிசுமாப் என்ற மருந்தை, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள துர்வாலுமாப் மருந்துடன் சேர்த்து நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் சோதித்தார்கள். அறுவை சிகிச்சை செய்ய முடியாத 3-ம் நிலை நோயாளிகள் பங்கேற்ற இரண்டாம் கட்டப் பரிசோதனையில், துர்வாலுமாப் மட்டும் பெற்றவர்களைவிட இந்தக் கூட்டு மருந்து பெற்றவர்களிடம் நோய் கூடுதல் காலம் கட்டுக்குள் இருந்தது.

இன்னொரு வழி, தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து என்.கே. செல்களை எடுத்து, மரபணு மாற்றி, நோயாளிக்கு ஏற்றுவது. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2020-ல் வெளியிட்ட முடிவுகளில், 11 பேரில் 8 பேருக்குப் பலன் தெரிந்தது. கடுமையான பக்கவிளைவும் பெரிதாக இல்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் லிம்போமா, ரத்தப் புற்று நோயாளிகள். ரத்தத்தில் மிதக்கும் எதிரியைப் பிடிப்பது ஒன்று. கெட்டியான நுரையீரல் கட்டிக்குள் நுழைவது வேறு. செல்லை எவ்வளவு பலமாக்கி அனுப்பினாலும், அதே டி.ஜி.எஃப். பீட்டா அங்கே காத்திருக்கும்.

அப்படியென்றால் 'என்.கே. செல்லைக் கூட்டுகிறோம்' என்று ஆன்லைனில் விற்கும் மாத்திரை, ஊசி எல்லாம்? கட்டியில் நடப்பதைப் பார்த்தால் எண்ணிக்கை மட்டும் பிரச்சனை இல்லை. வழி அடைபட்டிருப்பதும் பிரச்சனைதான். ரத்தத்தில் கூட்டினால் மட்டும் அவை கட்டிக்குள் போய்விடாது. யாராவது 'இது பரிசோதனை சிகிச்சை' என்று சொன்னால் சரிபார்க்க ஒரு வழி உண்டு: இந்தியாவில் நடக்கும் மருத்துவப் பரிசோதனைகள் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அந்த இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.