இரு கண்ணாடிகளின் நடுவே ஒரு பொன் வேட்டை

தங்கத்துக்கும் கண்ணாடிக்கும் இயல்பாக ஒட்டுறவு கிடையாது. தங்கம் எதோடும் எளிதில் வினைபுரிவதில்லை. அதனால்தான் நூற்றாண்டுகள் கடந்தும் கறுக்காமல் இருக்கிறது. அதே குணத்தால் கண்ணாடியையும் அது பற்றிக்கொள்வதில்லை. உருக்கி ஒட்டலாம் என்றால், தங்கம் உருக 1,064 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதற்கு வெகு முன்பே கோப்பை குழைந்துவிடும். பழைய ஐரோப்பிய மதுக்கோப்பைகளில் நாம் காணும் பொன் வேலை முழுவதும் இந்தச் சிக்கலோடு கைவினைஞர்கள் நடத்திய போராட்டம்தான்.

எண்ணெய்ப் பசை தடவி அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுவது எளிய வழி. துடைக்கத் துடைக்க அது போய்விடும். ரேக்கைத் தேனோடு அரைத்துத் தூரிகையால் எழுதி, மிதமான சூட்டில் சுட்டு மெருகேற்றினால் இன்னும் கொஞ்சம் நிலைக்கும். 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் ஜேம்ஸ் கைல்ஸின் பட்டறை பொன் தீட்டிய கண்ணாடிக்குப் பேர்போனது. பிரிஸ்டலில் ஐசக் ஜேக்கப்ஸ் தன் நீலக் கண்ணாடியில் பொன்னாலேயே கையெழுத்திட்டார். ஆனாலும் பொன் வெளியே இருக்கும்வரை விரலும் உதடும் துணியும் அதைத் தேய்த்துக்கொண்டேதான் இருக்கும்.

பொன்னை வெளியே விடாமல் உள்ளே வைத்துப் பூட்டியவர்கள் போஹீமியாக்காரர்கள். இன்றைய செக் நாட்டுப் பகுதியில், ஏறக்குறைய 1720-க்கும் 1750-க்கும் இடையே இந்தக் கோப்பைகள் உருவாயின. அவற்றின் வேலைப்பாட்டை நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது. முதலில் ஒரு கோப்பையின் வெளிச்சுவரைச் சீராகத் தேய்த்து மெலிதாக்குவார்கள். விளிம்பருகே மட்டும் தடிப்பை விட்டுவைப்பார்கள். மெலிந்த பகுதியில் தங்க ரேக்கை ஒட்டி, ஊசி முனையால் கீறி, வேண்டாத இடங்களைச் சுரண்டி எடுப்பார்கள். வேட்டை நாய்கள், ஓடும் மான், குதிரை வீரர், புனிதர்கள், குலச் சின்னங்கள் என எல்லாம் அந்த ஊசியில் பிறந்தவை. பிறகு அடியில்லாத இன்னொரு கண்ணாடியைச் சட்டைபோல் மேலே ஏற்றிப் பிசினால் மூடுவார்கள். அடிப்பகுதிக்குத் தனியாக ஒரு வட்டத் துண்டு. பெரும்பாலும் அதிலும் செவ்வரக்கின்மேல் பொன் ஓவியம் இருக்கும். வெளிச்சுவரை நெடுகப் பட்டை தீட்டியிருப்பார்கள். விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை கீழே உற்றுப் பார்த்தால் மட்டுமே இணைப்புக் கோடு தெரியும். இரண்டு சுவர்களும் ஒன்றுக்குள் ஒன்று பிசகாமல் பொருந்த எத்தனை பொறுமை வேண்டும்! இவ்வளவு செய்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரை அதில் பொறிக்கவில்லை.

எண்ணம் என்னவோ மிகப் பழையது. இத்தாலியின் கனோசாவில் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள கிண்ணங்களில் கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே இரு கண்ணாடிகளுக்கு நடுவே பொன் மின்னுகிறது. நான்காம் நூற்றாண்டு ரோமானியரும் இதைச் செய்தார்கள். உடைந்த கோப்பைகளின் பொன் அடித்தட்டுகளை நிலவறைக் கல்லறைகளின் சுண்ணச் சாந்தில் பதித்தார்கள். அவர்கள் கண்ணாடிகளைச் சூட்டில் இணைத்தார்கள். போஹீமியர்கள் ஆறிய பிறகு ஒட்டினார்கள். அந்தப் பிசின்தான் அவர்கள் கோப்பையின் பலவீனம்: இணைப்புக்குள் ஈரம் புகுந்தால் ரேக்கு பெயர்ந்துவிடும்.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கலையைத் திரும்பக் கையிலெடுத்தவர் கீழ் ஆஸ்திரியாவில் குட்டன்ப்ருன் ஊரில் வேலைசெய்த யோஹான் யோசப் மில்ட்னர். முழுக் கோப்பைக்கும் சட்டை போடாமல், சுவரில் ஒரு பள்ளம் குடைந்து, அதற்குள் பொன்னும் செவ்வரக்கும் பூசிய சிறு பதக்கத்தைப் பொருத்தினார். வெளியிலிருந்து பார்த்தால் உருவப்படம் அல்லது பெயரெழுத்துகள். கோப்பைக்குள் எட்டிப் பார்த்தால் அதே பதக்கத்தின் பின்புறத்தில் எழுத்துகள். தன் பெயரையும் ஊரையும் ஆண்டையும் அங்கே எழுதிவைத்தார். முன்னவர்கள் விட்டுப்போன பெயர்களுக்கெல்லாம் ஈடுசெய்வதுபோல் அவர் இதைத் தொடர்ந்து செய்தது எனக்கு மிகவும் பிடிக்கிறது. 1808-ல் அவர் இறந்தார்.

1830-ஐ ஒட்டி மைசன் பீங்கான் ஆலையில் ஹைன்ரிஷ் கோட்லோப் க்யூன், சூளையிலிருந்து மெருகோடே வெளிவரும் திரவத் தங்கத்தை உருவாக்கினார். பொன் விளிம்பு மலிவானது. அந்தக் கதை அடுத்த வாரம்.