லிஸ்பன் 1755: தண்டனை என்று சொன்னவர்கள்



சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள். அடுத்த மாதம் இங்கே நான் போன ஒரு செபக்கூட்டத்தில், அது எங்கள் சனத்தின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று ஒருவர் பேசினார். முல்லைத்தீவில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். இது புதிய பேச்சல்ல. அதனால்தான் இந்த மாதம் லிஸ்பன் நகரத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பெயர் கொடுத்த போர்த்துக்கல்லின் தலைநகர் அது. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணிக்குப் பிறகு நிலம் அதிர்ந்தது. தேவாலயங்கள் நிறையச் சனம். கூரைகள் அவர்கள் மேலேயே விழுந்தன. தப்பியவர்கள் ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே கடலலை ஏறி வந்தது. திருநாள் மெழுகுதிரிகளாலும் அடுப்புகளாலும் மூண்ட தீ ஐந்து நாளளவில் எரிந்தது.

மலகிரிடா என்ற இயேசுசபைக் குரு 1756 இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். நகரத்தின் பாவமே காரணம், கொட்டில் போடுவதை விட்டுத் தவம் செய்யுங்கள் என்பது அதன் சாரம். பிரேசிலில் நீண்டகாலம் ஊழியம் செய்தவர் அவர். கெட்ட மனிதர் என்று நான் நினைக்கவில்லை. அமைச்சர் பொம்பால் அவரை நகரத்தை விட்டு அனுப்பினார். 1761 இல் மதவிசாரணை மன்றத்தின் தீர்ப்பால் கொல்லப்பட்டார். அதுவும் கொடுமைதான்.

அதே லிஸ்பனில் இன்னொன்றும் நடந்தது. நோய் பரவுமுன் பிணங்களைப் படகில் ஏற்றிக் கடலில் விடுவதற்கு அங்கிருந்த முதுபெரும் தந்தை இணங்கினார். கிறிஸ்தவனுக்குக் கல்லறை இல்லாத அடக்கம்! அந்தக் காலத்தில் லேசான முடிவல்ல. மலகிரிடாவின் நூலைவிட அந்த இணக்கத்தில்தான் எனக்கு விசுவாசம் தெரிகிறது.

சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி லூக்கா 13 ஆம் அதிகாரத்தில் பேச்சு வருகிறது. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்று இயேசு தெளிவாகவே சொல்கிறார். மனந்திரும்பச் சொன்னது கேட்டு நின்றவர்களை, செத்தவர்களை அல்ல.

எங்கள் ஊர்களில் நவம்பர் 2 இல் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துவோம். கடலோடு போன பிள்ளைக்குக் கல்லறை ஏது? வெளிப்படுத்தல் 20 ஆம் அதிகாரத்தில், கடல் தன்னிடமுள்ள மரித்தவர்களைத் திருப்பிக் கொடுக்கிறது. முன்வரிசையில் இருந்த அந்தத் தாய்மாருக்கு அன்று யாராவது இதை வாசித்திருக்கலாம்.