மலைநாட்டுக் காடும் காணியுடைமையும்: வனவிலங்குப் பாதுகாப்பின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

இலங்கையின் மத்திய மலைநாட்டில் வனவிலங்குகள் அருகியமை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு காரணங்களையே முன்வைப்பர். வேட்டைக்காரனின் துப்பாக்கி ஒன்று. சேனைப் பயிர்ச்செய்கையாளன் மூட்டிய தீ மற்றொன்று. இவை பொய்யல்ல. ஆயின், விலங்கு வாழ்ந்த நிலம் யாரிடமிருந்து யாரிடம் கைமாறியது என்ற வினா இவற்றின் பின்னே மறைந்துபோகின்றது. காணியுடைமையின் வரலாற்றை விடுத்துக் காட்டின் வரலாற்றை எழுத முடியாது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, காடுகளும் தரிசுகளும் பயிரிடப்படாத நிலங்களும் முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்றது. எழுத்துமூலமான உறுதி இல்லாத கண்டிக் கிராமத்தவன், தன் மூதாதையர் விறகெடுத்த, மாடு மேய்த்த, சேனை வெட்டிய காட்டில் ஒரே நாளில் அத்துமீறியவனானான். ஏக்கர் 5 சிலிங் வீதம் விற்கப்பட்ட முடிக்குரிய காணியை வாங்கியோருள் குடியேற்ற ஆட்சியின் உயர் உத்தியோகத்தரும் இருந்தனர். 1870களின் இறுதியில் கோப்பிச் செய்கை இரண்டரை இலட்சம் ஏக்கரைக் கடந்திருந்தது.

காடு அழிக்கப்பட்ட முறையும் இங்கு நோக்கத்தக்கது. சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி மரங்களைப் பாதியளவே வெட்டிச் செல்வர். பின்னர் உச்சியில் நிற்கும் பெருமரங்களைச் சாய்க்க, அவை கீழுள்ளவற்றின்மேல் விழ, மலைச்சரிவு முழுவதும் ஒருங்கே சரியும். எஞ்சியது தீக்கிரையாகும். மரம் வெட்டும் இவ்வேலையைக் குத்தகைக்குச் செய்தோர் பெரும்பாலும் அயற்கிராமச் சிங்களவர். நட்டுப் பழம் பறித்தோர் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர். காணியை இழந்தவனும் காணியே அற்றவனும் சேர்ந்து, மூன்றாமவனின் இலாபத்துக்காகக் காட்டை அழித்தனர்.

துப்பாக்கியின் கதை இதனோடு பிணைந்தது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் றொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவரெனச் சொல்லப்படுகின்றார். ஆயினும் இதனைத் தனிமனிதக் கொடூரமாக மட்டும் காண்பது தவறு. யானையைக் கொல்வோருக்கு அரசே சன்மானம் வழங்கிற்று. நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் நாய்களைக் கொண்டு மரை வேட்டையாடியதைத் தம் நூல்களில் விரிவாக வருணிக்கின்றார். அவர் மரையை 'எல்க்' என்றே எழுதினார். ஐரோப்பிய வடபுலத்து விலங்கொன்றின் பெயர் எம் மலைகளின் விலங்குக்குச் சூட்டப்பட்டு, 'எல்க் பிளெயின்ஸ்' என்ற இடப்பெயராகவும் நிலைத்துவிட்டது. மகா எலிய, தேசாதிபதி ஹோர்டனின் பெயரைப் பெற்றதும் இவ்வாறே. பெயரிடுதலும் உடைமையாக்கலின் ஒரு வடிவமே.

வேட்டைக்காரன் கொன்ற யானைக்குக் கணக்குண்டு. கோடரி கொன்றவற்றுக்குக் கணக்கில்லை. பதினைந்துக்கும் மேற்பட்ட இலங்கை மரத்தவளை இனங்கள் இன்று அற்றுப்போனவையாகக் கருதப்படுகின்றன. அவற்றுட் பலவற்றை நாம் அறிவது பழைய நூதனசாலை மாதிரிகளின் வாயிலாக மட்டுமே. அவற்றை யாரும் சுடவில்லை. ஈரமும் நிழலுமின்றி வாழவியலாத அச்சிற்றுயிர்களின் வாழிடம் மறைந்தது, அவையும் மறைந்தன.

1876இல் எங்கெல்ஸ் எழுதிய கட்டுரையொன்றில், கியூபாவின் மலைச்சரிவுகளைக் கோப்பிக்காக எரித்த ஸ்பானியத் தோட்டக்காரரைக் குறிப்பிடுகின்றார். ஒரு தலைமுறைக் கோப்பிக்குச் சாம்பல் உரமானது. பின்னர் மழை மண்ணை அடித்துச்சென்று வெறும்பாறையை விட்டது. அதே ஆண்டுகளில் இலங்கையில் நிகழ்ந்ததற்கு இவ்விளக்கம் முற்றும் பொருந்தும்.

மூலதனமும் தன் அழிவின் விளைவை ஓரளவு உணர்ந்தது. 1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விட்டுவைக்குமாறு பரிந்துரைத்தார். நீரூற்றுகளும் காலநிலையும் கெட்டால் கீழுள்ள தோட்டங்களும் கெடும் என்பதே இதன் பின்னிருந்த கவலை. மரையோ சிறுத்தையோ அன்று. எனினும் சிவனொளிபாதமலைக் காடும் ஹோர்டன் சமவெளியும் இன்று எஞ்சியிருப்பதில் அப்பரிந்துரைக்குப் பெரும் பங்குண்டு. நோக்கம் குறுகியதாயினும் விளைவு பெரிது. இதனை மறுப்பது வரலாற்று நேர்மையாகாது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியபின் தேயிலை வந்தது. கோப்பி ஏறாத உயரங்களுக்கும் அது ஏறியது.

1894இல் தோன்றிய வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தில் தோட்டத்துரைமாரும் வேட்டையாடுவோரும் முன்னின்றனர். தம் பொழுதுபோக்குக்கு விலங்கு எஞ்ச வேண்டுமென்பதில் அவர்களுக்கு அக்கறையிருந்தது. விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் இயற்றப்பட்டது. ஹோர்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. 2010இல், சிவனொளிபாதமலை, நக்கிள்ஸ் காடுகளுடன் சேர்த்து, உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. யானை அச்சமவெளியில் இன்றில்லை.

முற்போக்காளருட் சிலர் வனவிலங்குப் பாதுகாப்பை மேட்டுக்குடியினரின் விளையாட்டெனத் தள்ளிவிடுவதுண்டு. அதன் தோற்றத்தை நோக்கின் அவ்வெண்ணம் வியப்பன்று. ஆனால் காடழிந்த சரிவில் மண் சரியும்போது புதைவது துரையின் பங்களாவன்று, லயன் அறையே. இவ்வினாவை எதிர்த்தரப்பினரிடம் ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்க முடியாது.

சிறுத்தையின் நிலை இதனைத் தெளிவாக்கும். பெருங்காடு துண்டாடப்பட்டபின் அது தேயிலைச் செடிகளூடாக ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றது. அதே செடிகளுக்கிடையே கொழுந்து பறிக்கும் பெண் அதனை எதிர்கொள்கின்றாள். அவளது முன்னோர் 1948இன் சட்டத்தால் குடியுரிமை மறுக்கப்பட்டோர். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளின் கைக்குச் சென்றது. இரு மாற்றங்களின்போதும் அவள் குடும்பத்துக்குக் காணி கிடைக்கவில்லை.

2020 மே மாதத்தில் நல்லதண்ணியில், லக்ஷபான தோட்டத்தில், அரிதான கருஞ்சிறுத்தையொன்று சுருக்குக் கம்பியில் சிக்கியது. உயிருடன் மீட்கப்பட்டு உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அது சில நாட்களில் மாண்டது. நாடே கலங்கியது, கலங்கியதில் தவறில்லை. இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் சிறுத்தைக்கென்று வைக்கப்படுவதில்லை, காட்டுப்பன்றிக்கே வைக்கப்படுகின்றன. லயனுக்குப் பின்னால், தோட்ட நிருவாகம் எந்நேரமும் திருப்பிக் கேட்கக்கூடிய சிறு துண்டு நிலத்தில் மரக்கறி நடுபவர் இரவில் பன்றிக்கு அஞ்சுகின்றார். சுருக்கு வைத்தவரைத் தேடுவது பொலிசாருக்கு எளிது. அந்நிலமும் அதற்கு அப்பாலுள்ள காடும் எந்த விற்பனையில், எந்த நில அளவைக் கோட்டால் பிரிக்கப்பட்டன என்பது தோட்டந்தோட்டமாக ஆராயப்பட வேண்டியுள்ளது.